வேலிக்கு உள்ளே வந்த சிலுவை

சான் உபால்தோவில் பிறந்தவர்களிடம் வீடு எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். குழியின் விளிம்பில் நின்றுகொண்டு கையை நீட்டி ஆகாயத்தைக் காட்டுவார்கள். அதோ அந்தப் பருந்து வட்டம் போடுகிறதே, அதற்குக் கொஞ்சம் கீழேதான் எங்கள் சமையலறை என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கிண்டல் இல்லை. செம்புக்காகக் கம்பெனி தோண்டிய குழி அகன்று அகன்று, ஊர் நின்றிருந்த மலையையே வாரிக்கொண்டு போய்விட்டது. மலை போன பிறகு வீடு இருந்த உயரத்தில் காற்றுதான் மிச்சம்.

எல்லோரும் வீட்டைக் காட்டும்போது ஒதீலியாவின் கண் மட்டும் சற்று இடப்பக்கம் தள்ளிப் போய் நிற்கும். அங்கே என்ன என்று கேட்டால் கல்லறைத் தோட்டம் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பதினேழு வருஷம் அவள் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அவள் மிம்ப்ரெஸ் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர் மகள். மண்வாரி இயந்திரம் ஓட்டுகிற அன்செல்மோவைக் கட்டிக்கொண்டு சான் உபால்தோவுக்கு வந்தபோது அந்த ஊர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. மரமில்லை, புல்லில்லை. எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் செந்தூசி. பிற்பகலில் சங்கு ஊதினால் குழியில் வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. பெண்கள் அலமாரியில் நிற்கிற சொரூபங்களை இறக்கிக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, கண்ணாடிச் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். முதல் தடவை பார்த்தபோது ஒதீலியா சிரித்துவிட்டாள். சாமியைத் தூங்கவைக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு எர்மிலாவைக் கேட்டாள்.

"உங்க ஊர்ல சாமி தானாத் தூங்கும்" என்றாள் எர்மிலா. "எங்க ஊர்ல நாமதான் படுக்க வைக்கணும். இல்லேன்னா தலை போயிடும்." கழுத்தில் பசை போட்டு ஒட்டியிருந்த சூசையப்பரை எடுத்துக் காட்டினாள். அன்றைக்குத் தொடங்கியது அவர்கள் சிநேகம்.

அந்தக் குழிக்கு வயது அதிகம். ஸ்பானியர் காலத்தில் கழுதை முதுகில் செம்பு தெற்கே போனதாம். அப்புறம் சுரங்கம். அன்செல்மோவின் தாத்தா மெழுகுவத்தியைத் தொப்பியில் செருகிக்கொண்டு வளைக்குள் ஊர்ந்தவர். அப்புறம் நீராவி மண்வாரி வந்தது, வளையெல்லாம் வாயைப் பிளந்து ஒரே குழியாகிவிட்டது. குழி பக்கத்தில் வரும்போதெல்லாம் ஊர் ஒதுங்கிக் கொடுத்தது. வெள்ளைக்காரர் வீடுகள் மேட்டில், வெந்நீர்க் குழாயோடு. எங்கள் வீடுகள் சரிவில், தெருவுக்கு ஒரு குழாயோடு. செத்தவர்களுக்கும் அப்படித்தான், ஆளுக்கொரு கல்லறைத் தோட்டம். எங்கள் கல்லறைத் தோட்டம் குழியைப் பார்த்த சரிவில் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே, குழிப் பக்கம், பெயரில்லாத சின்னச் சின்னக் கற்குவியல்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளின் இடம் அது.

யுத்தம் வந்து அன்செல்மோ பசிபிக் தீவு ஒன்றில் இருந்தபோது ஒதீலியாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. மருத்துவச்சி ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். எர்மிலாதான் கூட இருந்தாள். பிள்ளை ஒரு தடவை அழுதான். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. எர்மிலா அவளைப் பார்ப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா? சாகக்கிடக்கிற பிள்ளையின் தலையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், இரண்டே வரி ஜெபம்தான். எங்கள் ஊரில் அதை அறியாத பெண் கிடையாது. எர்மிலா ரத்தத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குவளையோடு திரும்பியபோது பிள்ளை போய்விட்டிருந்தான்.

அன்செல்மோவின் தகப்பனார் சிரிலோ கோயிலில் மணி அடிக்கிறவர். நல்ல மனுஷர், ஆனால் கோயில் சட்டம் என்றால் கல். மத்தியானமே ஒரு சோப்புப் பெட்டியில் பிள்ளையை வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மாமா, உள்ள வையுங்க" என்று படுக்கையிலிருந்தே கெஞ்சினாள் ஒதீலியா. "ஒரு ஓரமாப் போதும்."

"தண்ணி ஊத்தாத புள்ளைய வேலிக்குள்ள வைக்கக் கூடாதும்மா. நான் போட்ட சட்டமா இது?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. உடைந்து என்ன செய்ய? வேலிக்கு வெளியேதான் வைத்தார். தன் கையாலேயே ஒரு சின்னச் சிலுவை செய்து நட்டார்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, தாகம் மட்டும்தான் உண்டு என்பார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். பொழுது சாய்ந்தால் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டு திரியுமாம். ஒதீலியா தினமும் சாயங்காலம் சன்னல் விளிம்பில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்தாள். காலையில் பார்த்தால் அதன்மேல் செந்தூசி ஆடை கட்டியிருக்கும். குடித்தானா, காற்றில் வற்றியதா என்று குவளையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

அன்செல்மோவுக்குச் செய்தி அனுப்பும்போது பிள்ளை செத்தான் என்று சொல்ல முடிந்தது. வெளியே கிடக்கிறான் என்று சொல்ல முடியவில்லை. குண்டு விழுகிற இடத்தில் இருக்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? எர்மிலா தண்ணீர் ஊற்றினாள், மார்த்தின் என்று நீ சொன்ன பெயரையே வைத்தோம் என்று சொல்லிவிட்டாள். எர்மிலாவும் ஒப்புக்கொண்டாள். ஒரு பொய்யில் இரண்டு பேர் கைநாட்டுப் போட்டால் அது உண்மை மாதிரியே உட்கார்ந்துவிடுகிறது.

மறு குளிர்காலம் சிரிலோ நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தார். அவரை வேலிக்குள்ளே, சரிவை ஒட்டிப் புதைத்தார்கள். யுத்தம் முடிந்து அன்செல்மோ வருகிறான் என்று தெரிந்ததும் ஒதீலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பிற்பகல் சங்கு ஊதியது. ஊரே வீட்டுக்குள் போய்ச் சாமிகளைப் படுக்கவைத்துக்கொண்டிருந்த நேரம், அவள் மட்டும் சரிவில் ஏறினாள். வேலிக்கு வெளியே நின்ற சிலுவையைப் பிடுங்கினாள். கம்பிக்கு அடியில் புகுந்து, மாமனார் குழிக்குப் பக்கத்தில் நட்டாள். நட்டுக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. தரை ஒரு தூக்குத் தூக்கியது. தூசிக்குள் மண்டிபோட்டுக்கொண்டு, பிள்ளையை நகர்த்த முடியவில்லை, பெயரையாவது நகர்த்தினேன் என்று மாமனாரிடம் சொன்னாளாம்.

யாராவது கவனித்தார்களா? கவனித்திருப்பார்கள். ஆனால் பிறர் பிள்ளையின் சாவில் கேள்வி கேட்கிற புத்தி எங்கள் ஊரில் இல்லை.

அன்செல்மோ வந்தான். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகச் சிலுவையிடம் போய் மண்டிபோட்டான். ஒதீலியா பின்னால் நின்று அவன் தோளுக்கு மேலே, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் எர்மிலா வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொமாத்ரே என்று கூப்பிட்டான். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியவள் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய், பெற்றவர்களுக்குக் கொமாத்ரே. பிள்ளையைப் பெற்றவர்கள் அவளைச் சாகும்வரை அந்த உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சொந்தச் சகோதரியைவிட மேலாக வைத்துக்கொள்ள வேண்டும். அன்செல்மோ வைத்துக்கொண்டான். ஒவ்வொரு குளிர்காலமும் முதல் வண்டி விறகு அவள் வீட்டில்தான் இறங்கும்.

"உன் புருஷன் கொண்டாந்து போடற விறகை எவ்வளவு எரிச்சாலும் எனக்குக் குளிர் விடமாட்டேங்குதுடி" என்றாள் எர்மிலா ஒருநாள். ஒதீலியாவுக்கும் அன்செல்மோவுக்கும் வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

ஐம்பத்து நான்கில் கம்பெனி கடைசி அறிவிப்பு கொடுத்தது. ஊர் முழுக்கக் கீழே போக வேண்டும், கல்லறைத் தோட்டமும்தான். வேலிக்குள் சிலுவை இருக்கிற ஒவ்வொரு குழியையும் கம்பெனியே தோண்டி, புதுப் பெட்டியில் வைத்துப் புது இடத்தில் புதைத்துத் தரும். குடும்பத்தார் அவரவர் சிலுவைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வெளியூர் ஆட்கள் தோண்டினார்கள். சின்னக் குழிகளில் எலும்பு என்று எதுவும் தேறவில்லை, பத்து வருஷத்தில் எல்லாம் கரைந்திருக்கும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கறுத்த மண்ணாகப் பார்த்து நாலைந்து மண்வெட்டி அள்ளிச் சின்னப் பெட்டிகளில் போட்டு ஆணி அடித்தார்கள். மார்த்தின் சிலுவைக்குக் கீழேயும் அப்படியே அள்ளினார்கள். அன்செல்மோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அழுதான். பாதிரியார் நிற்கிறார், ஊர் நிற்கிறது. ஒதீலியா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற எர்மிலாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வேலிக்கு வெளியே, அந்தக் கற்குவியல்களின்மேல், தோண்டுகிற ஆட்கள் தங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வைத்திருந்தார்கள். அவளுடைய பிள்ளைமேல் யாருடைய தூக்கு இருந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும். அந்தப் பாவியின் முகம் கடைசிவரை மறக்கவில்லை.

மர வீட்டை இடிக்காமல் அப்படியே திரைச்சீலையோடு லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து இறக்கினார்கள். புது ஊரில் அதன் சமையலறை குழியைப் பார்த்தது. பின்கட்டு கழிவுக் குன்றைப் பார்த்தது. குழியில் தோண்டும் உபயோகமில்லாத மண்ணையெல்லாம் லாரிகள் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்று அது. மலையை அங்கே தோண்டி இங்கே வைத்தார்கள், அவ்வளவுதான். குடியிருந்த நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே ஒரு கணக்கு. குழி எப்போது அந்தச் சரிவைத் தொடும்? அதற்கு முன்னால் அன்செல்மோவிடம் சொல்லிவிட வேண்டும். மண்வாரி அவன் கையில் இருக்கிறது. அவன் சொன்னால் ஒருநாள் நிறுத்துவார்கள், கையால் தோண்டிப் பிள்ளையை எடுத்துவிடலாம். ஆனால் சொன்னால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டாள். நாளை அறிய அவளுக்கு ஒரு வழி இருந்தது. மண்வாரிக்காரர்கள் தோண்டின இடத்தை வீட்டில் வந்து பெயர் சொல்லிப் பேசுவார்கள். பீன்ஸ் குழம்பில் தோர்த்தியா ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே அன்செல்மோ சொல்வான், இன்றைக்குத் தபால் ஆபீஸைத் தின்றோம் என்று. அடுத்த மாதம் பள்ளிக்கூடம். வாத்தியார் நின்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை குத்தினேன் என்று சிரிப்பான். அப்புறம் கோயில் மேடு. அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. ஒதீலியா கல்லறைத் தோட்டம் என்ற பேச்சு வரக் காத்திருந்தாள். வருஷம் போனது, அந்தப் பேச்சு வரவில்லை. புது ஊரிலிருந்து பார்த்தால் எந்தச் சரிவு போனது, எது நிற்கிறது என்று தூசியில் தெரியாது; இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கு ஊதும்போதெல்லாம் அதன் கடைசி இழுப்பில் அவளுக்குப் பிள்ளை அழுத அந்த ஒரே அழுகை கேட்கும். குழியைப் பார்த்த சன்னலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள், தண்ணீர்க் குவளையையும் அந்தச் சன்னலிலேயே வைத்தாள். இதற்கிடையில் கம்பெனி கழிவுக் குன்றின் உச்சியில் ஓட்டைக் குழாய்கள் போட்டு ராப்பகலாக அமிலம் கலந்த தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தது. அந்தத் தண்ணீர் கழிவு மண்ணில் மிச்சமிருந்த செம்பைக் கரைத்துக்கொண்டு அடியில் நீலமாக ஒழுகும். பின்கட்டில் எந்நேரமும் உஸ்ஸென்று ஒரு சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சி விசும்புகிற மாதிரி. ஒதீலியா அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

அன்செல்மோவுக்கு இருமல் வந்தது. அப்பனுக்கு வந்த அதே இருமல். அறுபத்து ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், மார்த்தினுக்கு நல்ல கல்லாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன் என்றான். மரச்சிலுவை உளுத்துவிட்டது. பக்கத்து இடத்தைத் தனக்கும் எழுதி வாங்கியாயிற்று. உயிரோடு ஒருநாள்கூடப் பிள்ளையோடு இருக்கவில்லை, செத்தாவது பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். வெறும் மண் அடைத்த பெட்டிக்குப் பக்கத்தில் இந்த மனுஷன் காலமெல்லாம் கிடக்கப் போகிறான்.

"அந்தக் கல்லு வேணாம், அன்செல்மோ."

"ஏன்?"

"அங்க பையன் இல்ல."

அவள் நிறுத்தாமல் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். மழை, ரத்தம், சோப்புப் பெட்டி, சங்கு ஊதின பிற்பகல், எல்லாம் சொன்னாள்.

"தண்ணி?" என்றான் கடைசியில்.

"ஊத்தல. எர்மிலா குவளையோட வரதுக்குள்ள போயிட்டான். அவ மேல தப்பு இல்ல. என்னக் காப்பாத்திட்டு இருந்தா." பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்த எப்ப எடுப்பாங்க? நீ சொன்னா ஒருநாள் நிறுத்துவாங்கல்ல?"

அன்செல்மோ கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "எடுத்தாச்சு, ஒதீலியா" என்றான். "மூணு வருஷமாச்சு. நான்தான் எடுத்தேன்."

"நீ சொல்லவே இல்லியே."

"தபால் ஆபீஸைச் சொல்லலாம், பள்ளிக்கூடத்தச் சொல்லலாம். செத்தவங்க கெடந்த எடத்தத் தோண்டினேன்னு சோத்துக்கு முன்னாடி எவனாச்சும் சொல்லுவானா?"

அவள் காத்திருந்த பேச்சை எந்த மண்வாரிக்காரனும் வீட்டில் பேச மாட்டான். இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு அவள் போட்ட ஓலம் தெருமுனை வரை எங்களுக்குக் கேட்டது.

அன்செல்மோ இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. எர்மிலா வாசலில் தொப்பியையும் கழற்றவில்லை. பழைய லாரி டிரைவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், குடிக்கவைத்து, மூன்று வருஷத்துக்கு முந்தின தவக்காலத்தில் கல்லறைச் சரிவு மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் காலையில் வந்து, வண்டியில் ஏறு என்றான். கழிவுக் குன்றின்மேல் ஏற்றிக் கொண்டுபோனான். உச்சியில் நிறுத்திக் கீழே காட்டினான். அவர்கள் வீட்டுத் தகரக் கூரை, கொடியில் அவள் காயப்போட்ட போர்வை, சாத்தியிருந்த பின்கதவு.

"நீ குழியப் பாத்துட்டே உக்காந்திருந்த" என்றான். "அவன் நம்ம கொல்லைக்குப் பின்னாலதான் இருந்திருக்கான்."

ஒதீலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் குழாய்கள் உஸ்ஸென்று பீய்ச்சிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டது இந்தச் சத்தத்துக்குத்தான்.

அன்செல்மோவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்தவரை சொன்னான். "ராத்திரி பகலா தண்ணி ஊத்தறாங்க பாரு. நாம ஊத்தாததுக்கும் சேத்து."

அவள் விரலை நீட்டி ஒரு சொட்டைத் தொட்டாள். உதறிக்கொண்டாள். இந்தத் தண்ணீர் பட்டுத் தொழிலாளிகளின் காலுறையெல்லாம் பொத்தல் பொத்தலாகப் போனதை எத்தனை தடவை தைத்திருக்கிறாள்.

"இது எரியுமே" என்றாள்.

அன்செல்மோ பொய் சொல்லவில்லை. "எரியும்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு இருமல் வந்தது. அவள் அவன் முதுகைத் தேய்த்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் அவனைத் தொட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே பால் கேனில் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வண்டியில் ஏற்றினான். கிளம்பும்போது எர்மிலா வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வீங்கி நடக்க முடியாதவள், பூசைக்குப் போடுகிற கறுப்பு முக்காட்டைப் போட்டிருந்தாள்.

"என்னையும் ஏத்திக்கோ" என்றாள் அன்செல்மோவிடம். "பதினாறு வருஷமா கொமாத்ரே கொமாத்ரேன்னு கூப்பிட்ட. ஊத்தாமலே நான் எப்படிச் சாகறது?"

அவன் இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினான்.

செத்துப்போன பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, மண்ணுக்கு அறவே கிடையாது. பாதிரியாரைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். அதனால் அவரைக் கேட்கவில்லை. எர்மிலா குவளையில் தண்ணீரை மொண்டு நின்றாள். அந்தக் குன்று எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது.

"தலை எங்க இருக்குன்னு தெரியலியே" என்றாள்.

ஒதீலியா குனிந்தாள். ஒரு பிடி சரளை மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, பிள்ளையை ஏந்துகிற மாதிரி நெஞ்சோடு சேர்த்து எர்மிலாவிடம் நீட்டினாள். "இங்க ஊத்து" என்றாள்.

எர்மிலா ஊற்றினாள். இரண்டு வரி ஜெபத்தையும் மார்த்தின் என்ற பெயரையும் சத்தமாகச் சொன்னாள். தண்ணீர் மண்ணை நனைத்து ஒதீலியாவின் விரலிடுக்குகளில் ஒழுகி முழங்கைவரை வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே குழியில் சங்கு ஊதியது. ஊரில் பெண்கள் சாமிகளை இறக்கிப் படுக்கவைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் அந்த மண்ணைத் தன் தலைத்துணியில் கொட்டி, நான்கு மூலையையும் முடிந்தாள்.

மறுநாள் அன்செல்மோ மண்வெட்டியோடு புதுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். வேலிக்குள்ளே, கல் நடப்போகிற இடத்தில் தோண்டி, அந்த முடிச்சை வைத்து மூடினான்.